மனநோய் மருத்துவமும் கணக்கனின் பேனாவும்

(தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இசையும் நாட்டியமும் பட்டிமன்றமும் நிகழ்வதே மரபு. அவற்றிற்கு இடையே ஓய்வு பெற்ற கணக்கன் ஒருவனை நிறுத்தி, மனநோய் மருத்துவத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். குழந்தைகளின் கோலாட்டத்திற்கும் இரவுச் சாப்பாட்டிற்கும் நடுவே இப்பொருளை ஏன் வைத்தீர்கள் என்று செயலாளரை வினவினேன். "அந்த நேரத்தில்தான் சார், ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்" என்றார். அவருடைய நிர்வாகத் திறமையைப் பாராட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். இத்தலைநகரில் உத்தியோகம் பார்த்த காலத்தின் பெரும்பகுதியை மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மேசையிலேயே கழித்தவன். நோயாளிக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே தீர்மானிக்கிறார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அம்மேசையில் அமர்ந்தவனுக்கு அவ்வெண்ணம் நெடுநாள் நிலைப்பதில்லை. பணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே மருத்துவமும் போகிறது. பிற நோய்களில் இதனால் விளையும் தீங்கு விரைவில் வெளிப்பட்டுவிடும். மனநோயில் அது வெளியே தெரிவதே இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

அமெரிக்காவில் 'மானேஜ்டு கேர்' என்றொரு முறை உண்டு. தமிழில் அதனைக் 'கணக்கிட்டு நடத்தும் மருத்துவம்' என்று சொல்லலாம். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. இங்குள்ள பெரியவர்களுள் பலர் கல்யாணத்திற்கு முன் கரோல் பாக்கில் தமிழ் மெஸ்களில் சாப்பிட்டவர்கள். அங்கே இருவகைக் கணக்கு உண்டல்லவா? ஒருவகை, சாப்பிட்ட வேளைக்குக் காசு. மற்றொருவகை, மாதத்திற்கு இவ்வளவு என்று முன்பணம். வேளைக் கணக்கில் மெஸ்காரர் உங்களை மேலும் மேலும் உபசரிப்பார். அப்பளம்கூடத் தனிக் கணக்கில் ஏறும். மாதக் கணக்கில் நீங்கள் வராத வேளையெல்லாம் அவருக்கு மிச்சம். நல்ல மெஸ்காரராயின் இரண்டு நாள் காணாத பையனைத் தேடி அறைக்கே கஞ்சி கொடுத்தனுப்புவார். அவன் காய்ச்சலில் கிடப்பான் என்று அவருக்குத் தெரியும். மற்றவரோ ரசத்தில் தண்ணீரைக் கூட்டுவார். நான் இருவரிடமும் சாப்பிட்டிருக்கிறேன்.

கணக்கிட்டு நடத்தும் மருத்துவம் என்பது இந்த மாதக் கணக்கே. ஒரு தலைக்கு மாதத்திற்கு இவ்வளவு என்று அரசாங்கமோ முதலாளியோ ஒரு நிறுவனத்திற்குக் கொடுத்துவிட, மருத்துவப் பொறுப்பு முழுவதையும் அந்நிறுவனம் ஏற்கிறது. அதன் பட்டியலிலுள்ள மருத்துவரிடமே போக வேண்டும். மருத்துவமனையில் சேரும் முன் அனுமதி பெற வேண்டும். சேர்ந்த பின்னும் 'இன்னும் ஏன் இருக்கிறார்' என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவ்வாறு கேட்பவருடைய உத்தியோகமும் நான் பார்த்த உத்தியோகமும் ஒன்றே.

இது மனநோய்க்கு எவ்வாறு வந்தது என்பதை அறியச் சிறிது பின்னே போக வேண்டும். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க மாநிலங்களின் மனநோய் மருத்துவமனைகளில் 5,58,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 1952-இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்குப் பயன்படும் என்று கண்டறியப்பட்ட பின், பலரை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1963 அக்டோபர் 31 அன்று அதிபர் கென்னடி, ஊர்தோறும் மனநல நிலையங்கள் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று வாரங்களில் அவர் மறைந்தார். நிலையங்களும் திட்டமிட்ட அளவிற்கு எழவில்லை. 1965-இல் ஏழைகளுக்கான 'மெடிகெய்டு' திட்டம் வந்தபொழுது ஒரு விதியைச் சேர்த்தார்கள். 65 வயது நிரம்பாத ஒருவர் மனநோய் மருத்துவமனையில் கிடந்தால் அச்செலவிற்கு மத்திய அரசாங்கம் பங்கு தராது. அது மாநிலத்தின் சுமை. முதியோர் இல்லத்திற்கோ பொது மருத்துவமனையின் ஒரு பகுதிக்கோ போனால் பங்கு கிடைக்கும். பிறகு கேட்பானேன்? நோயாளிகள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்திற்கு மாற்றப்பட்டார்கள். நோய் மாறியதனால் அன்று. வரவு செலவுத் தலைப்பு மாறியதனால்.

செலவு ஏறிக்கொண்டே போக, மாநில அரசாங்கங்கள் மனநோய்ப் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்துத் தனி நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாயின. மாநிலம் முழுவதற்கும் இதனை முதலிற் செய்தது மாசசூசெட்ஸ், ஆண்டு 1992. முதல் ஆண்டில், பழைய முறை நீடித்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவில் 22 விழுக்காடு குறைந்தது. அதே சமயம், மருத்துவம் பெற்றோர் தொகையும் மருத்துவத்தின் தரமும் பொதுவாகக் குன்றவில்லை என்று ஆராய்ந்தோர் எழுதினர். மிச்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் படுக்கைகளிலிருந்து. குடிநோயாளர் போன்றோரைச் செலவு மிகுந்த மருத்துவமனையில் வைப்பதற்கு மாறாக, குறைந்த செலவில் அவர்களைக் கவனிக்கும் வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். இதில் பழிக்கத்தக்கது ஒன்றுமில்லை. நான் அம்மேசையில் இருந்திருந்தாலும் மனமுவந்து கையெழுத்திட்டிருப்பேன்.

அடுத்தது டென்னஸி மாநிலம். 1996 ஜூலையில் அங்கும் இவ்வாறே செய்தார்கள். ஆனால் கணக்கில் ஒரு பிழை நேர்ந்தது. அதுகாறும் மனச்சிதைவு போன்ற கடும் நோயுற்றோருக்கென்று இருந்த பணத்தையும் பொதுப் பணத்தோடு கலந்து, திட்டத்தில் உள்ள அனைவர் தலைக்கும் பரப்பிவிட்டார்கள். அனைவருக்கும் சமமாகத்தானே கொடுத்தோம் என்று தோன்றும். வீட்டில் ஒரு குழந்தை நோயில் கிடக்கையில், அதற்கென வைத்திருந்த பாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் எப்படியோ அப்படியே இது. ஊர் நிலையங்கள் தள்ளாடின. வீடு தேடிப்போய்க் கவனிக்கும் பணி சுருங்கிற்று. மருத்துவ இதழ்கள் இதனைத் தோல்வி என்றே எழுதின. மனச்சிதைவு மருந்துகளை உண்டு வந்தோர் அவற்றை இடையறாது தொடர்ந்து பெறுவது இம்மாற்றத்திற்குப் பின் குறைந்தது என்றும், எவருக்கு இடையறவு மிகவும் ஆபத்தோ அவர்களிடையேதான் அது மிகுதியாகக் காணப்பட்டது என்றும் பின்னர் வந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

இங்கே சற்று நிற்க வேண்டும். இருதய நோயாளிக்கு மருந்து மறுக்கப்பட்டால் அவர் சண்டையிடுவார், மேலதிகாரிக்கு எழுதுவார், அவருடைய மைத்துனர் பாராளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பார். இவற்றையெல்லாம் நான் அனுபவித்திருக்கிறேன். இக்கூச்சல்தான் சிக்கனம் செய்வோனின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. மனச்சிதைவு உற்றவரோ, 'எனக்கு நோயே இல்லை, மருந்து எதற்கு?' என்பார். மருந்து நின்றால் சில வாரம் நன்றாக இருப்பதுபோலவும் தோன்றும். குடும்பத்தாரோ வெளியே சொல்லக் கூசுவர். ஆகவே கூச்சல் எழுவதில்லை. கணக்குப் புத்தகத்தில் மிச்சம் மட்டும் எழுகிறது. மாதக் கணக்கு மெஸ்ஸில் பசியே தெரியாத ஒருவன் சேர்ந்தாற்போன்ற நிலை இது. மெஸ்காரர் நல்லவராக இல்லாவிடில் அவன் கதி என்ன?

இதனை நான் அமெரிக்க நூல்களைப் படித்துக் கற்கவில்லை. 1980-களில் என் மேசைக்கு ஒரு கோரிக்கை வந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்து எழுத்தர் ஒருவர், தம் மனைவிக்கு மாதந்தோறும் வாங்கிய மருந்திற்குப் பணம் கேட்டிருந்தார். அதனுடன் மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழும் இருந்தது. அதில் நோயின் பெயருக்குரிய இடத்தில் 'பலவீனம்' என்று எழுதியிருந்தது. மருந்துகளின் பெயர்களுக்கும் பலவீனத்திற்கும் பொருத்தமில்லை. விதிப்படி நான் ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: 'நோய் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை.' மறுமொழி வந்தது. மீண்டும் 'நரம்புத் தளர்ச்சி'. மீண்டும் எழுதினேன். மூன்றாம் முறை அவரே வந்தார்.

"சார், அந்தக் காகிதங்களை நான் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா?" என்றார்.

"ஏன், பணம் வேண்டாமா? நோயின் பெயரை எழுதிக் கொடுத்தால் இன்றே அனுமதிக்கிறேனே" என்றேன்.

அவர் மேசையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "இது உங்களோடு நிற்காது சார். ஏழு மேசை தாண்டிப் போகும். எங்கள் குவார்ட்டர்ஸிலேயே மூன்று பேர் அந்த மேசைகளில் இருக்கிறார்கள்" என்றார்.

நான் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கணக்கில் ஒரு கோரிக்கை தீர்ந்தது. அம்மாதத்து அறிக்கையில் நிலுவை ஒன்று குறைந்ததாகவும் காட்டினேன். அவர் சில காலம் கைப்பணத்தில் மருந்து வாங்கினார் என்றும், தங்கையின் கல்யாணக் கடன் வந்தபொழுது நிறுத்திவிட்டார் என்றும் பின்னர் அறிந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கல் விழாவில் அவ்வம்மையாரைக் கண்டேன். பந்தலுக்கு வெளியே செருப்புகள் கிடந்த இடத்தருகே தனியே அமர்ந்து, தமக்குத்தாமே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் இலையில் சோறு எடுத்துவந்து அருகே அமர்ந்து ஊட்டினார். என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னார். நான் பதில் வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டேன். விதியை மீறியவனல்லன் நான், விதிப்படி நடந்தவனே. அன்று பந்தியில் உட்கார்ந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

இனி நம் நாட்டின் நிலை. 1946-இல் போர் குழு கணக்கெடுத்தபொழுது இந்தியாவில் மனநோய்க்கு 40,000 பேருக்கு ஒரு படுக்கை வீதமே இருந்தது. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒன்று. படுக்கை கட்டியே இந்நோயை வெல்வது நம்மால் ஆகாது என்பதை நம்மவர் விரைவில் உணர்ந்தனர். அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் 1950-களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கவைத்து, கவனிக்கும் முறையை அவர்களுக்கே கற்பித்தார். இடநெருக்கடிக்குக் கண்ட வழியே அது. ஆயினும் நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையே பழக்கி, மருந்தை ஊருக்கருகே கொண்டுபோகும் சோதனை நடந்தது. அதனையொட்டி 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பெற்றது. அவற்றுள் ஒன்று நம் திருச்சி. இன்று 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அத்திட்டம் அனுமதிக்கப்பட்டுள்ளது.

அனுமதி என்பது வேறு, மருந்து கையில் சேர்வது வேறு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் 100-க்கு 10.6 பேர் ஏதேனும் ஒருவகை மனநோயுடன் இருப்பதும், நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய மருத்துவம் பெறாதிருப்பதும் தெரியவந்தன. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டது உங்களுக்கு நினைவிருக்கும். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததனால் அவர்களால் ஓட இயலவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். மருந்து எட்டாத இடத்தில் வாழ்ந்த தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே.

அமெரிக்க முறை அப்படியே நம் நாட்டிற்கு வரவில்லை. ஆனால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. கோரிக்கைகளை ஆராய்ந்து அனுமதிக்கும் டி.பி.ஏ. நிறுவனங்களுக்கு 2001-இலேயே விதிகள் ஏற்பட்டன. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் இன்ஷூரன்ஸில் வேற்றுமை கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் விதித்தது. 2018 ஆகஸ்டில் ஒழுங்குமுறை ஆணையமும் அவ்வாறே பணித்தது. அதன் பின்னும் ஒரு குடும்பம் தில்லி உயர்நீதிமன்றம் வரை போக நேர்ந்து, 2021-இல் தீர்ப்புப் பெற்றது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மனநோயும் அதில் உண்டு. 2024 முதல் 70 வயது நிரம்பிய எவரும் வருமான வரம்பின்றி அதில் சேரலாம். இங்கு முன்வரிசையில் அமர்ந்திருப்போர் குறித்துக்கொள்வீர்களாக.

இவை யாவும் நல்லனவே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஆயுஷ்மான் பாரத் மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தருகிறது. வெளிநோயாளியாக மாதந்தோறும் மாத்திரை வாங்க அது தருவதில்லை. தனியார் பாலிசிகளும் பெரும்பாலும் அவ்வாறே. மனச்சிதைவு உற்றவருக்கு வேண்டுவது என்ன? ஆண்டு முழுவதும் ஒருநாள் தவறாத மாத்திரை. மாதத்திற்கு ஒருமுறை மருத்துவர் முகம். வராவிடில் தேடிவரும் ஒருவர். இவற்றிற்குப் பணமில்லை, மருந்து நின்று நோய் முற்றிக் கட்டிலில் விழுந்தால் பணமுண்டு! மெடிகெய்டு அன்று நோயாளிகளைக் கட்டடம் மாற்றியதுபோல், நம் திட்டங்களும் அவர்களைக் கட்டிலை நோக்கித் தள்ளிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இவ்விஷயத்தில் பழைய ஏற்பாடுகள் புதியவற்றினும் மேலானவை என்பது என் கருத்து. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் வெளிநோயாளிக்கும் மருந்து தருகிறது. அதில் ஒரு சிறப்பு உண்டு. தொழிலாளிக்கு நெடுநாள் நோய் வந்தால், உரிய தகுதி இருப்பின், இரண்டு ஆண்டுகள் வரை கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். அந்நோய்ப் பட்டியலில் கடும் மனநோய்களும் உள்ளன. எத்தனைத் தொழிலாளர் குடும்பங்கள் இதனை அறியும்? 1954-இல் இந்நகரில் தொடங்கிய மத்திய அரசாங்க சுகாதாரத் திட்டத்தின் டிஸ்பென்சரியும் மாத மருந்து தருகிறது. ஓய்வு பெற்ற பின்னும் தொடரும். வரிசை நீளம்தான், நானும் முழங்கால் வலியோடு நிற்கிறேன். இவை எவற்றிலும் அடங்காதவருக்கும் வழி உண்டு. அரசாங்கப் பட்டியலில் உள்ள அவசிய மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேற்பட்ட அரசாங்க மருத்துவமனைகள் அனைத்திலும் மனநோயாளருக்கு எக்காலமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு.

நாளை நம் அரசாங்கம் மனநோய் மருத்துவத்தைத் தலைக்கணக்கில் ஒப்படைக்க முற்படுமானால், நான் அதனை எதிர்க்கமாட்டேன். படுக்கைக் கணக்கைவிடத் தலைக்கணக்கு இந்நோய்க்குப் பொருத்தமானதாகவும் இருக்கலாம். மாசசூசெட்ஸ் அதற்குச் சாட்சி. ஆனால் கடும் நோயுற்றோருக்குரிய பணத்தைத் தனிப்பையில் முடிந்துவைக்க வேண்டும். தணிக்கைக்கு ஒரு புதிய பதிவேடும் வேண்டும். வந்தவர் பதிவேட்டை நாங்கள் ஆயுள் முழுதும் தணிக்கை செய்தோம். வராதவர் பதிவேடு ஒன்று திறந்து, சென்ற மாதம் மருந்து வாங்கி இம்மாதம் வாங்காதவர் யார், அவர் வீட்டிற்கு யார் போனார், என்ன கண்டார் என்று எழுதச் செய்து, அதில் வரி விடுபட்டிருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் பணத்தை நிறுத்த வேண்டும். நோயின் பெயர் ஏழு மேசை தாண்டாதிருக்கவும் வழி செய்ய வேண்டும். நோயாளியின் நிலையைப் பிறர் அறியாமல் காக்கும் உரிமையைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தருகிறது. அப்பிரிவு 1980-களில் இருந்திருந்தால் அந்த எழுத்தர் என்னிடம் வேறுவிதமாகப் பேசியிருப்பார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சமையலறையிலிருந்து சாம்பார் மணமும் வருகிறது. இரண்டு செய்திகள் சொல்லி அமர்கிறேன். 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' என்னும் அரசாங்கத் தொலைபேசி உதவி நடைபெறுகிறது, எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். மற்றொன்று, சங்க நூலகத்தின் பின்னறையைச் செயலாளர் எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை அங்கே இருப்பேன். மனநோய் மருத்துவத்திற்கு மறுக்கப்பட்ட பில், டி.பி.ஏ. கடிதம், டிஸ்பென்சரிக் குறிப்பு எதுவாயினும் கொண்டுவாருங்கள். எந்த விதியைக் காட்டி மறுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த விதியைக் காட்டித் திரும்பக் கேட்கலாம் என்பதும் தெரியும். அறைக்குத் தனி வாயில் உண்டு. நூலகத்தின் வழியாக வர வேண்டியதில்லை. நோயின் பெயரை நான் கேட்கமாட்டேன்.